கறுப்புப் பட்டை

என் அம்மா ஒரு சினிமாவில் நடித்திருக்கிறாள். நடித்தாள் என்று சொல்வதுகூட அதிகம். நின்றாள். கையில் தாலத்தட்டை ஏந்திக்கொண்டு, வரிசையின் கடைசியில், நான்கு விநாடி. இதை எங்கள் குடும்பத்தில் இருபத்துச் சொச்சம் வருடங்களாக யாரும் நம்பவில்லை. நம்ப வைக்க நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால், திருவனந்தபுரத்தில் வலியசாலையை ஒட்டிய எங்கள் தெருவில் ஒரு தமிழ்ப் படத்தின் ஷூட்டிங் நடந்தது. கோயில் திருவிழாக் காட்சி. கதாநாயகி நடந்து வருவாள். அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள் தாலத்தில் விளக்கும் பூவும் ஏந்தி ஒரே வரிசையாக நிற்க வேண்டும். படக்காரர்களில் ஒருவர் வந்து, உயரமானவர்கள் நடுவில், குட்டையானவர்கள் ஓரத்தில் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் தெருப் பெண்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கோயிலில் எப்படி நிற்பார்களோ அப்படியே நின்றார்கள். வீட்டில் பிறந்த பெண்கள் நடுவில், அவர்களுக்கு இரண்டு பக்கமும் மூத்த மருமகள்கள், கோடியில் புது மருமகள்கள். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, வித்துராவில் கட்டிக்கொடுக்கப்பட்டவள், திருவிழாவுக்குப் பிறந்த வீடு வந்திருந்தாள். அவள் நட்டநடுவில், கதாநாயகியின் தோளுக்கு நேர் பின்னால். கல்யாணமாகி நான்கே மாதமான என் அம்மா வலது கோடியில். அந்தத் தெருவிலேயே உயரமான பெண் அம்மாதான் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

படம் எங்கள் ஊரில் ஒரே ஒரு வாரம் ஓடியது. அத்தையும் அம்மாவும் சேர்ந்து போய்ப் பார்த்தார்கள். அகலத் திரை. அம்மா தன்னைப் பார்த்துவிட்டாள். வெளியே வந்ததும், "மைனி, நானும் வந்தேன் பாத்தியளா?" என்று கேட்டிருக்கிறாள். "நீ எங்கட்டீ வந்த? நான் காணலியே" என்றாளாம் அத்தை. நான்கு விநாடியில் அத்தை அத்தையைத்தான் பார்த்திருப்பாள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

குற்றமெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அந்தப் படம் வீடியோ கேசட்டாக வந்தது. அகலத் திரைக்கு எடுத்த படத்தைச் சதுர டிவிக்குள் அடைக்க வேண்டுமே, அதற்காக இரண்டு பக்கத்தையும் வெட்டி எறிந்துவிட்டு நடுவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எங்கள் தெரு வரிசையில் நடு என்றால் என்ன, ஓரம் என்றால் என்ன என்று அவர்களுக்கு என்ன தெரியும்? அத்தை டிவி முழுக்க நிறைந்து நின்றாள். மருமகள்கள் அத்தனை பேரும் போயே போனார்கள்.

அத்தை அந்தக் கேசட்டை வாங்கி வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வித்துராவில் நிச்சயதார்த்தமோ, காதுகுத்தோ, எதுவானாலும் சாப்பாடு முடிந்ததும் கேசட் ஓடும். அந்த இடம் வந்ததும் நிறுத்துவார்கள். படம் நடுநடுங்கிக்கொண்டு நிற்கும். எல்லாரும் ஆகா என்பார்கள். உடனே அத்தை அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "ஏட்டீ, நீயும் நின்னேன்னு சொல்லுவியே, எங்க இருக்க? காட்டு பாப்பம்" என்பாள். வீடே சிரிக்கும். அம்மாவும் சிரித்துக்கொண்டே, "கடைசியில நின்னேன் மைனி" என்பாள். வருடாவருடம் இதே கேள்வி, இதே பதில். நான் கல்லூரிக்குப் போன வருடம் ஒரு வளைகாப்பில் அத்தை வழக்கம்போலக் கேட்டாள். அம்மா எச்சில் இலைகளை எடுக்க எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் சொன்னதே இல்லை. நின்றவளை நிற்கவில்லை என்று சொல்லிச் சொல்லி வாயை அடைத்துவிட்டார்கள். அம்மா விட்டுவிட்டாள். நான் விடுவதாக இல்லை.

விசிடி காலம் வந்தது. அப்பா சாலை பஜாரில் ஒரு இரும்புக் கடையில் வேலை பார்த்தார். அங்கே பக்கத்துக் கடையில் படம் கிடைத்தது என்று வாங்கி வந்தார். இரண்டு தகடு. அட்டையில் பெரிதாக 'ஃபுல் ஸ்கிரீன்' என்று பெருமையாகப் போட்டிருந்தது. போட்டுப் பார்த்தால் அதே வெட்டு. அகலப் படமாக ஏதாவது இருக்கிறதா என்று எங்கள் தெருமுனை வீடியோ லைப்ரரியில் கேட்டேன். கடைக்காரர் மலையாளி, எங்களிடம் தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவார். "அகலப் படம் வேண்டாம் மோளே. மேலயும் கீழயும் கறுத்த பட்டை வரும். பாதிப் படம் காணான் இல்லன்னு சொல்லி ஆளுக திரிச்சுக் கொண்டு தராங்க" என்றார். முழுப் படத்தைக் கொடுத்தால் பாதிப் படம் என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். பாதியைக் கொடுத்தால் முழுசு என்று வாங்கிக்கொள்கிறார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்போது நான் தம்பானூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். ஆபீஸ் விட்டதும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த நெட் கஃபேயில் அரை மணி நேரம் உட்காருவேன். அங்கேதான் தமிழ் சினிமா ரசிகர்களின் அந்த விவாத மன்றத்தைக் கண்டுபிடித்தேன். உலகத்தில் எந்தெந்த மூலையிலோ இருந்த தமிழர்கள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, கேசட் நல்லதா, விசிடி நல்லதா, டிவிடி நல்லதா என்று ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். படத்தின் பெயரைச் சொல்லி, இது அகலப் படமாக டிவிடியில் வந்திருக்கிறதா என்று கேட்டேன். ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதுதான் இல்லை.

முதல் ஆள், அந்தப் படத்தைப் பார்க்கிறவனுக்கு ரசனையே கிடையாது என்றான். இரண்டாவது ஆள் முதல் ஆளின் அபிமான நடிகரைத் திட்டினான். மூன்றாவது ஆள் விசிடியில் முதல் தகடு எந்தப் பாட்டில் முடிகிறது என்று ஆரம்பித்தான். அதைப் பற்றி ஒரு வாரம் நடந்தது. நான் பெண் என்று யாருக்கும் தோன்றவில்லை. பாஸ் என்றார்கள், மச்சி என்றார்கள், கோபம் வந்தால் தம்பி என்றார்கள். திருவனந்தபுரத்தில் இருக்கிறேன் என்று சொன்னதுதான் பெரிய பிழை. "மலையாளிக்குத் தமிழ்ப் படத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று ஒருவன் எழுதினான். ஆபீஸில் மலையாளிகள் என்னைப் பாண்டி என்கிறார்கள், இங்கே மலையாளி என்கிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் அடி.

இவர்களுக்கெல்லாம் மேலே ஒருவர் இருந்தார். சிங்கப்பூர்க்காரர். ஒவ்வொரு பதிவின் அடியிலும் தன் டிவி எத்தனை அங்குலம் என்று கையெழுத்து மாதிரிப் போடுவார். அவர் பிடித்த பிடி இது: படத்தை எடுத்ததே சதுரமாகத்தான், அகலம் என்பது ஏமாற்று, சதுரப் படத்தின் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டையை ஒட்டி மறைத்து அகலம் என்று விற்கிறார்கள், ஆகவே கேசட்டில் இருப்பதுதான் முழுப் படம். சில படங்களுக்கு அப்படி நடந்ததுண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். இந்தப் படத்துக்கு இல்லை. பப்ளிக் லைப்ரரியில் பழைய பேப்பர்களைப் புரட்டி, விளம்பரத்தில் 'சினிமாஸ்கோப்' என்று போட்டிருந்ததைக் கண்டுபிடித்து எழுதினேன். விளம்பரத்தில் எதை வேண்டுமானாலும் போடுவார்கள் என்றார். அத்தையின் கேசட்டில் கதாநாயகனின் அண்ணன் வசனம் பேசும்போது திரையில் அவன் மூக்கு மட்டும் தெரிகிறது, மீதி முகம் எங்கே போனது என்று கேட்டேன். அது இயக்குநரின் உத்தி என்றார்! மூக்கு மட்டும் பேசுவது உத்தியாம். அன்றைக்கு நான் கீபோர்டைக் குத்திய குத்தில் நெட் கஃபேக்காரன் எழுந்து வந்து பார்த்தான்.

இப்படி இரண்டு வருடம். நினைத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. ஜாதகத்தோடு வந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். நான் மனசுக்குள் சிங்கப்பூருக்குப் பதில் தயார் செய்துகொண்டிருப்பேன்.

ஒரு நாள் அவர் எழுதினார்: "அந்த ஓரத்தில் அப்படி என்ன இருக்கிறது தம்பி? நாலு துணை நடிகைகள் இருப்பார்கள். அவர்கள் தெரியாவிட்டால் யாருக்கு நஷ்டம்?" எனக்குக் கண் மண் தெரியவில்லை. "அந்த ஓரத்தில் என் அம்மா நிற்கிறாள். இருபது வருடமாக அவளைப் பொய்க்காரி என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். நஷ்டம் எனக்குத்தான், போதுமா?" என்று தட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால், ஒருவரும் பதில் எழுதவில்லை. சொந்த விஷயங்களுக்கு இங்கே இடமில்லை என்று மன்றத்தை நடத்துகிற மட்டுறுத்துநர் அந்த விவாதத்தையே பூட்டி வைத்திருந்தார். ஆனால் சிங்கப்பூர்க்காரரிடமிருந்து தனியாக ஒரு வரி வந்திருந்தது. விலாசம் கேட்டிருந்தார்.

ஒன்றரை மாதம் கழித்து ஆபீஸ் விலாசத்துக்கு ஒரு பார்சல் வந்தது. வெளிநாட்டுத் தமிழர்களுக்காக எப்போதோ வெளியிட்ட டிவிடி. எங்கே தேடிப் பிடித்தாரோ. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: "தம்பி, சினிமாஸ்கோப்தான். நான் சொன்னது தவறு. ஆனால் கலர் மோசம், கேசட்டே மேல். அம்மாவிடம் கொடுக்கவும்." தோற்றுப் போகும்போதும் கேசட்டே மேல்! அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடுவதா, நாலு வார்த்தை திட்டுவதா என்று தெரியாமல் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டேன். படத்தில் ஒரு மணி நேரம் தாண்டிப் பதினேழாவது நிமிடம். வரிசை வந்தது. வலது கோடியில் அம்மா. இருந்தாள். நான் சத்தம் போட்டதில் பக்கத்து மேஜைக்காரி சோற்றுப் பாத்திரத்தைத் தட்டிவிட்டாள். திரும்பத் திரும்ப ஓட்டினேன், பதினோரு தடவை. ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்து, படத்தின் வலது விளிம்பிலிருந்து அம்மா எத்தனை மில்லிமீட்டர், கேசட்டில் வெட்டின இடம் எது, பட்டை எத்தனை தடிமன், எல்லாம் குறித்துக்கொண்டேன். சாயங்காலமே மன்றத்தில் அளவுகளோடு புதிதாக ஒரு பதிவு போட்டேன். இனி ஒருவன் வாய் திறக்க முடியாது என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் முதல் பதில் வந்தது: "கலர் எப்படி இருக்கு பாஸ்?" அடுத்த வாரம் முழுக்கக் கலரைப் பற்றியே சண்டை.

போகட்டும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். நாளைக்கே ஆபீஸுக்கு வா, காட்டுகிறேன் என்றேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு, "ஆபீஸ்ல வேண்டாம் மக்ளே. மைனியும் நானும் சேந்து பாக்கணும். அண்ணைக்கும் சேந்துதானே பாத்தோம்" என்றாள். எங்கள் வீட்டில் டிவிடி பிளேயர் கிடையாது. அத்தையின் மகன் வித்துராவில் புதிதாக வாங்கியிருந்தான். சரி, அத்தை வீட்டிலேயே, அத்தை டிவியிலேயே பார்ப்போம், இன்னும் நல்லது என்று எனக்கும் ஆங்காரமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போனோம். மாமா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அத்தை மகன் மளிகைக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தை இளைத்துப் போயிருந்தாள். சர்க்கரை கண்ணைப் பிடித்துவிட்டது, எதையும் கிட்டக் கொண்டுபோய்த்தான் பார்க்கிறாள் என்றாள் அவளுடைய மருமகள். எனக்கு அதெல்லாம் மனசில் ஏறவில்லை. டிஸ்க்கைக் கொடுத்து, போடச் சொன்னேன்.

படம் வந்ததும் அத்தை மகன், "இதென்ன, மேலயும் கீழயும் கறுப்பாட்டு இருக்கு? டிஸ்க் கேடா?" என்றான். வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு ரிமோட்டை அவனிடமிருந்து வாங்கி, நேராக அந்த இடத்துக்கு ஓட்டி நிறுத்தினேன். இந்தத் தடவை படம் நடுங்கவில்லை. நான் எழுந்து போய் டிவியின் வலது ஓரத்தில் விரலை வைத்தேன்.

"இதா, இது யாரு?"

"அய்யோ, மாமி தன்னே!" என்றாள் அத்தையின் மருமகள். அத்தை மகன் கிட்ட வந்து குனிந்து பார்த்து, "ஆமா, மாமியாக்கும். மாமி நின்னிருக்கு, கேட்டியளாம்மா?" என்றான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். இரண்டு வருடமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே காத்திருந்தேன்.

அத்தை நாற்காலியை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு டிவி அருகில் வந்தாள். மூக்கு கண்ணாடியில் முட்டுகிற மாதிரிக் குனிந்தாள். அவள் பார்த்தது வலது ஓரத்தை அல்ல.

"நான் எங்கலே?" என்றாள்.

அகலப் படம் அந்தச் சின்ன டிவிக்குள் வரும்போது எல்லாமே சிறுத்துவிடும். நாற்பது பெண்கள், ஆளுக்கு ஒரு சுண்டுவிரல் உயரம். மகன் விரலால் தொட்டுக் காட்டினான். "இதா, இதாக்கும் நீங்க."

"இந்தப் பொடிசா?" அத்தை இன்னும் குனிந்தாள். "இது நானா? எனக்குத் தெரியலியே. கேசட்டுல மூக்குத்தி வரைக்கும் தெரியுமே. ஒங்கப்பா சொல்லுவாரே, மூக்குத்தி மின்னுதுன்னு. அந்தக் கேசட்ட எடுலே."

"கேசட்டு பூசணம் பூத்துப் போச்சும்மா. அதப் போட மிஷினும் இல்லியே இப்பம்" என்றான் மகன் மெதுவாக.

அத்தை நிமிரவில்லை. டிவியின் நடுவில் கையை வைத்துத் தடவிக்கொண்டு அப்படியே நின்றாள். அவளுக்குத் தன்னைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு பக்கம், நன்றாக வேண்டும் என்றுகூடத் தோன்றியது. அப்போது அம்மா எழுந்து வந்து என் கையிலிருந்து ரிமோட்டை எடுத்தாள்.

"இதப் பெரிசாக்க வழி உண்டாலே?" என்று அத்தை மகனிடம் கேட்டாள்.

"ஸூம்னு ஒரு பட்டன் உண்டு மாமி. ஆனா அப்பம் ஓரம் போயிரும்."

"அம்மா, வேண்டாம்!" என்றேன். அவள் அழுத்திவிட்டாள். கறுப்புப் பட்டை இரண்டும் மறைந்தன. அத்தை டிவியை நிறைத்துக்கொண்டு வந்தாள், மூக்குத்தியோடு. அம்மா நின்ற இடம் காணாமல் போனது.

"ஆங், இதாக்கும் நான்" என்றாள் அத்தை. அம்மாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டாள். அத்தையும் அம்மாவும் சேர்ந்து பார்த்தார்கள். சாப்பிட்டு முடித்து நாங்கள் கிளம்பும்போதும் டிவியில் அதுவே நின்றுகொண்டிருந்தது. டிஸ்க்கை எடுக்கப் போன என்னை அம்மா, "அது அங்கயே இருக்கட்டு" என்று தடுத்துவிட்டாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் வெடித்தேன். இரண்டு வருடம் எத்தனை பேரிடம் பேச்சு வாங்கினேன், எதற்காக, யாருக்காக, ஒரு பட்டனை அழுத்தி எல்லாவற்றையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டாயே, அத்தை வாயால் ஒரு வார்த்தை வரவில்லையே என்று பொரிந்து தள்ளினேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நான் நின்னது எனக்கு அண்ணைக்கே தெரியுமே. தியேட்டர்ல பாத்தேனே" என்றாள். "இன்னைக்கு எனக்குச் சரியாக் காண முடியல்ல. நீ விரல வச்சு மறைச்சிட்ட, பொறவு மைனி வந்து நின்னாச்சு. அது சாரமில்ல, போட்டு. நீ ஆபீஸ்ல நல்லாப் பாத்தேல்லா?"

"பதினோரு தடவை பாத்தேன்" என்றேன், கோபம் தணியாமல்.

"எப்படி இருந்தேன்?"

நான் வாயைத் திறந்தேன். விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்ல முடியும். எந்த நிமிடம், எந்த விநாடி என்று சொல்ல முடியும். அவள் சிரித்துக்கொண்டிருந்தாளா, பயந்துபோய் நின்றாளா, தலையில் பூ இருந்ததா, எதுவுமே எனக்கு ஞாபகம் வரவில்லை. என்னைவிடச் சின்னப் பெண், புதிதாக வாழ வந்தவள், அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

"நல்லா இருந்தம்மா" என்றேன்.

"என்ன சேலை உடுத்திருந்தேன், தெரிஞ்சுதா?" என்று ஆசையாகக் கேட்டாள் அம்மா.